முதல் ஹாலோவீன்: 8 வீடு, 40 நிமிடம்

இரண்டு வயதுக் குழந்தைக்குக் கதவு திறந்தால் உள்ளே போகத்தான் தெரியும். போவதற்கு முன் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதும் தெரியும்; நம் வீட்டுப் பிள்ளையாயிற்றே. அக்டோபர் 31, ஹாலோவீன் மாலை, வீட்டுக்காரர் மிட்டாய்க் கிண்ணத்தோடு குனிந்து நிற்பார். கரடி வேஷத்தில் போன நம் பிள்ளை படியில் உட்கார்ந்து ஷூவின் வெல்க்ரோவைப் பிய்த்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் அவர் கால் சந்தில் புகுந்து அந்த வீட்டு நாயைத் தேடிப் போய்விடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தையை முதல்முறை 'ட்ரிக் ஆர் ட்ரீட்', அதாவது வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க, கூட்டிப்போகும் தமிழ்ப் பெற்றோர் எலும்புக்கூட்டையும் பேயையும் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். குழந்தையை அதைவிடக் குழப்புவது, வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்கிற அந்த விநோத வழக்கம்.

இதை வீட்டிலேயே பழக்கிவிடலாம். நான்கைந்து நாள் முன்னதாகத் தொடங்கினால் போதும். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் உள்ளே கிண்ணத்தோடு நிற்கட்டும், இன்னொருவர் குழந்தையோடு வெளியே. தட்டு, கதவு திறக்கும், ஒன்றை எடு, பையில் போடு, டாட்டா சொல், திரும்பு. அந்தக் கடைசித் 'திரும்பு'தான் பாடம். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். கிண்ணத்தில் மிட்டாய் வைக்காதீர்கள். சுருட்டிய சாக்ஸ், மரக்கட்டை, எலுமிச்சம்பழம் என்று எதையாவது போடுங்கள். மிட்டாயை வைத்துப் பழக்கினால் எடுத்த இடத்திலேயே பிரிக்கவும் பழகிவிடும், அன்றைக்கு முதல் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து காகிதத்தைக் கடிக்கும். ஒரு நாளைக்கு மூன்று சுற்று போதும். அதற்குமேல் இழுத்தால் விளையாட்டு அலுத்துப்போகும்.

வாசலில் சொல்ல வேண்டிய 'ட்ரிக் ஆர் ட்ரீட்' இந்த வயது வாயில் 'டிக் டீ' என்றுதான் வரும். வராமலும் போகலாம். வீட்டில் கணீரென்று சொன்ன பிள்ளை, முன்பின் தெரியாத முகத்தைக் கண்டதும் அம்மாவின் தொடைக்குப் பின்னால் ஒளியும். "சொல்லு கண்ணா, சொல்லு, நேத்து சொன்னியே" என்று வாசலில் நின்று கெஞ்சுவதால் ஒரு பலனும் கிடையாது. பின்னால் இன்னொரு கும்பல் காத்துக்கொண்டிருக்கும். பெரியவர் சொல்லிவிட்டு, குழந்தை கையசைத்தால் போதும். கொடுக்கிறவர்கள் இரண்டு வயதுக்காரரிடம் வசனம் எதிர்பார்ப்பதில்லை. சில பிள்ளைகள் தன் பையிலிருக்கும் மிட்டாயை எடுத்து வீட்டுக்காரர் கிண்ணத்தில் போட்டுவிட்டு வரும். டேகேரில் 'ஷேர்' செய்யச் சொல்லியிருக்கிறார்கள், செய்கிறது. விட்டுவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி. அமெரிக்காவில் 2007 முதல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பது நவம்பர் முதல் ஞாயிறன்றுதான். கனடாவின் பெரும்பகுதியிலும் அப்படியே. ஆகவே ஹாலோவீன் மாலை இன்னும் கோடைக் கணக்கில்தான் ஓடும். அன்றைக்குச் சூரியன் மறைவது சிகாகோவில் ஏறக்குறைய 5:45, நியூஜெர்சியில் 5:55, டொராண்டோவில் 6:05, டல்லஸில் 6:35. பெரிய பிள்ளைகளின் கூட்டம் இருட்டிய பிறகே சூடு பிடிக்கும். இரண்டு, மூன்று வயதுக்குச் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பே கிளம்பி, மறைந்த சிறிது நேரத்தில் வீடு திரும்பிவிடுவது சரி. 4:30க்கே வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். தயிர்சாதமோ இட்லியோ, வழக்கமாகச் சண்டை போடாமல் சாப்பிடும் எதுவோ அது. பிறகு டயபரை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் வேஷம். இந்த வரிசையை மாற்றினால் வேஷத்தில் சாம்பாரும், வேஷத்துக்குள் வேறொன்றும் வந்து சேரும்.

எல்லா ஊரிலும் தேதியும் நேரமும் ஒன்றல்ல. ஒஹையோ, விஸ்கான்சின் மாநிலங்களில் பல ஊராட்சிகள் 'இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை' என்று அறிவிக்கின்றன. சில இடங்களில் அது 31ஆம் தேதியாகக்கூட இருக்காது. ஐயோவாவின் டெ மாய்னில் 'பெக்கர்ஸ் நைட்' என்று அக்டோபர் 30இல் போவது நெடுநாள் வழக்கமாக இருந்தது, அங்கே பிள்ளைகள் ஒரு ஜோக் சொல்லித்தான் மிட்டாய் வாங்க வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஊர் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தவறான நாளில் கரடி வேஷத்தோடு தெருவில் நிற்பது குழந்தைக்கு ஒன்றுமில்லை, பெற்றோருக்குத்தான் வெட்கம்.

எட்டு வீடு போதும். முன்வாசல்கள் நெருக்கமாக இருக்கும் தெருவில் எட்டு வீட்டுக்கு இந்த வயதின் நடையில் அரை மணி முதல் நாற்பது நிமிடம் ஆகும், ஏனென்றால் ஒவ்வொரு வாசலுக்கும் நடுவில் ஒரு இலை, ஒரு பூசணி, ஒரு குழாய் என்று நின்று பார்க்க வேண்டும். அந்த வாரத்தில் ஒருநாள் பகலில் அதே வழியை நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பார்க்கில் பழகியவர்கள், படி குறைவான வீடுகள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். கைவிட வேண்டியவையும் பகலிலேயே தெரியும். இரண்டு வயதுப் பிள்ளை பெரிய பொம்மைக்கு அவ்வளவாகப் பயப்படாது. 2020 முதல் கடைகளில் விற்கும் அந்த 12 அடி எலும்புக்கூட்டைப் பார்த்து ஆசையாகக் கையசைக்கும் பிள்ளைகள் உண்டு. திடீரென்று அசைந்து கத்துவதுதான் கதிகலங்க வைக்கும்: யாராவது கிட்டே வந்தால் உயிர் பெறும் சூனியக்காரி, மிதியடியை மிதித்தால் அலறும் பொம்மை, சவப்பெட்டியிலிருந்து எழும் கை. புகை இயந்திரமும் அப்படித்தான். ஒரு வீட்டில் பிள்ளை பயந்து அலறிவிட்டால் அடுத்த எந்த வாசலையும் ஏறாது, கடைசிவரை தோளைவிட்டு இறங்காது.

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். அணைந்திருந்தால் தட்டக் கூடாது. எழுதப்படாத இந்த ஒரே விதியை எல்லாரும் மதிக்கிறார்கள். ஆனால் மாலை ஐந்தேகாலுக்குப் பல வீடுகளில் விளக்கே போட்டிருக்க மாட்டார்கள். பூசணி வைத்து அலங்கரித்திருக்கிறார்களா, கதவுக்குப் பின்னால் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

படியேறும்போது பையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். இந்த வயது கையை ஊன்றித்தான் ஏறும், பையைப் பிடித்தால் ஊன்றக் கை இருக்காது. கதவருகில் போனபின் கொடுங்கள். மணியை அமுக்கியதும் இரண்டு எட்டு பின்னால் வந்துவிடுங்கள். வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களில் மரக்கதவுக்கு வெளியே கண்ணாடிக் கதவு ஒன்று இருக்கும். அது வெளிப்பக்கமாகத் திறக்கும், குழந்தையின் நெற்றி உயரத்தில் வந்து மோதும். சிறிய திண்ணையாக இருந்தால் பின்னால் படிதான். கேமரா வைத்த அழைப்புமணி திடீரென்று 'ஹலோ' என்று பேசும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது. புல்வெளியில் குறுக்கே நடக்க வேண்டாம். ஊதுபொம்மைகளை இழுத்துக் கட்டிய கயிறு, முளைக்குச்சி, மின்வயர் எல்லாம் அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, தடுக்கி விழுவது அங்கேதான்.

வேஷத்துக்கு வருவோம். கடையில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்குவது பெரியவர்கள், போட்டுக்கொள்ள வேண்டியது குழந்தை. இந்த வயதுக்கு முகமூடி கூடவே கூடாது, பார்வையை மறைக்கும், மூச்சு முட்டும். கழுத்தில் கட்டும் கயிறு, தரையில் இழுபடும் வால், கையில் வாள் ஆகியவையும் வேண்டாம். தலைக்குத் தனியாக ஒன்று இருந்தால் அது இரண்டாவது வீட்டுக்குள் பெற்றோர் கையில் இருக்கும் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். ஆகவே தொப்பி இல்லாமலும் என்ன வேஷம் என்று தெரியும்படி எடுங்கள்: வரிக்குதிரைக்கு உடம்பிலேயே வரி இருக்கிறது, வண்ணத்துப்பூச்சிக்கு முதுகில் இறக்கை இருக்கிறது. காது வைத்த தொப்பி உடையோடு சேர்த்துத் தைத்திருந்தால் உத்தமம். கழன்றாலும் முதுகில் தொங்கும், தொலையாது.

ஜிப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதுகில் இருந்தால் குழந்தை கழற்ற முடியாது, நல்லது. ஆனால் டயபர் மாற்ற முழுதாக உரிக்க வேண்டும். முன்பக்க ஜிப்பென்றால் நேர்மாறு. அளவு, குளிர் ஊர்களில் ஒன்று பெரிதாக எடுக்க வேண்டும். 2டி போடும் பிள்ளைக்கு 3டி. உள்ளே தெர்மல் பனியனும் ஸ்வெட்டரும் போக இடம் வேண்டும். மினியாபொலிஸ்காரர்கள் 1991 ஹாலோவீன் பனிப்புயலை இன்றும் பேசுவார்கள், அங்கே 28.4 அங்குலப் பனி விழுந்தது. அந்தப் பக்கத்து அம்மாக்கள் ஜாக்கெட் மேலேயே ஏறும் வேஷத்தைத்தான் தேடுவார்கள். டெக்ஸாஸில் கதை வேறு. அங்கே அக்டோபர் கடைசியிலும் வெக்கை அடிக்கலாம், புசுபுசு கரடி உடையில் பிள்ளை வெந்துபோகும். பருத்தி டீ-ஷர்ட்டும் இறக்கையும் போதும். எந்த ஊரானாலும் கால் ஓரம் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி மடித்துத் தைத்துவிடுங்கள். நேரமில்லையென்றால் உள்பக்கமாகத் துணி டேப். ஊக்கு குத்தாதீர்கள். ஷூ தினமும் போடுவதுதான்.

வாங்கியதும் பெட்டியில் பூட்டி வைத்து, அன்றைக்குத்தான் காட்டுவேன் என்று இருந்தால் ஏமாந்துபோவீர்கள். குறைந்தது மூன்று முறை வீட்டில் போட்டு விளையாட விடுங்கள். முதல்நாள் வால் மட்டும், இரண்டாம் நாள் உடம்பு, மூன்றாம் நாள் முழுசாக. குத்துகிற லேபிளை அப்போதே வெட்டிவிடலாம். முகத்துக்குச் சாயம் பூசுவதானால் இரண்டு நாள் முன்பு முன்கையில் சிறிது தடவிப் பாருங்கள். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, கன்னத்தில் மூன்று கோடு, அதுவே பூனை. முழு முகமும் பூசினால் பத்து நிமிடத்தில் சோபாவுக்கும் அதே நிறம்.

குழந்தை அளவுகள் அக்டோபர் நடுவிலேயே தீர ஆரம்பிக்கும், செப்டம்பர் கடைசியில் பார்த்துவிடுவது நல்லது. பழைய பிள்ளை உடைகள் விற்கும் கடைகளிலும் இலவசமாகக் கொடுத்து வாங்கும் அக்கம்பக்கத்து 'பை நத்திங்' குழுக்களிலும் ஒரே ஒரு மாலை போட்ட வேஷங்கள் ஏராளம். இரண்டு வயதுக்கு நூறு டாலர் உடை என்பது புகைப்படத்துக்காகப் பெரியவர்கள் கொடுக்கும் விலை. காரில் போவதாக இருந்தால், புசுபுசு உடையோடு கார் சீட்டில் கட்டாதீர்கள். விபத்தில் அந்தப் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். இறங்கிய பிறகு மாட்டிவிடலாம்.

அந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் பூசணி வாளி படத்துக்கு அழகு. இரண்டு வயதுக் கையில் அது முழங்காலில் இடிக்கும், குனிந்தால் எல்லாம் கொட்டும். குட்டையான பிடி வைத்த துணிப்பையோ, கடற்கரை மணல் வாளியோ போதும். எட்டு வீட்டுக்கு எட்டு 'ஃபன் சைஸ்' மிட்டாய், ஒவ்வொன்றும் 15 முதல் 20 கிராம். மொத்தமே 150 கிராம் சுமார். ஸ்ட்ரோலரோ வேகனோ கட்டாயம் எடுத்துப் போங்கள், ஆறாவது வீட்டில் கால் ஓய்ந்துவிடும். கிளம்பும் முன் பையின் அடியில் நீங்களே இரண்டு சின்னப் பொட்டலம் போட்டுவையுங்கள்: வழக்கமாகத் தின்னும் பிஸ்கட்டோ மீன் வடிவ கிராக்கரோ. மூன்றாவது வீட்டருகில் "இப்பவே வேணும்" என்று அழுகை தொடங்கும்போது பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், வாங்கியதைத்தான் தின்கிறோம் என்ற திருப்தி அதற்கு. எதைத் தின்கிறது என்ற கவலை இல்லாத நிம்மதி உங்களுக்கு.

வெளிச்சத்துக்கு, கடையில் கிடைக்கும் ஒளிரும் டேப்பை முதுகிலும் ஸ்ட்ரோலரின் பின்புறமும் ஒட்டுங்கள். ஒளிரும் குச்சியைக் குழந்தை கையில் கொடுப்பதில் சிறு சிக்கல்: கடிக்கும். உள்ளே இருக்கும் திரவம் கசக்கும், வாய் எரியும். வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் அதோடு போகும். அமெரிக்காவில் விஷ உதவி எண் 1-800-222-1222, போனில் சேமித்துவையுங்கள். மின்னும் மோதிரம், போலி மெழுகுவத்தி ஆகியவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரி விஷயம் வேறு. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு, போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கச் சொல்கிறார்கள். தேனைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், வேறு எதுவும் கொடுக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து வண்டிதான். 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டு அமெரிக்க விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்து 2019இல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டி மோதி இறப்பது, ஒரு வாரம் முந்திய, பிந்திய அதே மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். ஆறு மணி வாக்கில் நிலைமை மோசம்: அலுவலகம் விட்டு வருகிறவர்கள், மங்கல் வெளிச்சம், கறுப்பு உடை. ஆகவே தெருவின் ஒரே பக்கம் நான்கு வீடு, முனையில் ஒருமுறை கடந்து, மறுபக்கம் நான்கு வீடு வழியாகத் திரும்புதல். அப்படி அமைத்தால் வீடு வரும்போது கணக்கும் முடிந்திருக்கும். வீட்டு முன்பாதையிலிருந்து பின்னால் எடுக்கும் காரின் கண்ணாடியில் மூன்றடிகூட எட்டாத பிள்ளை தெரியாது. நடைபாதையில் இருக்கும்போதும் கையை விடக் கூடாது.

மிட்டாயில் விஷம், ஆப்பிளில் பிளேடு என்ற பயம் ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸாப்பில் சுற்றும். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைப் பல பத்தாண்டுகளாகத் துருவிவருகிறார். யாரோ அந்நியர் வாசலில் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ படுகாயமடைந்ததாகவோ உறுதியான ஒரு நிகழ்வும் அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் மேற்கோள் காட்டும் 1974 டெக்ஸாஸ் மரணத்தில் சயனைடு கலந்தது பையனின் சொந்தத் தகப்பன். பிரிந்த உறை, பெயரில்லாத பொட்டலம் என்றால் தூக்கி எறியுங்கள், அதோடு சரி. அந்தப் பயத்துக்குச் செலவழிக்கும் நேரத்தைத் தொண்டையில் அடைப்பவற்றுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

நான்கு வயதுக்குள் கடின மிட்டாய், கொட்டைகள், பாப்கார்ன், சூயிங்கம், மார்ஷ்மெல்லோ, இழுபடும் மிட்டாய் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரை. அரைக்கும் கடைவாய்ப் பற்களில் பின்வரிசை முளைக்கவே இரண்டு வயது தாண்டும், மூச்சுக்குழலின் விட்டமோ சில மில்லிமீட்டர்தான். அதை வைத்துப் பையைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்குமேல் போய்விடும். ஜாலி ரேஞ்சர், லாலிபாப் கடினம். ஸ்டார்பர்ஸ்ட், டூட்சி ரோல் ஒட்டும். ஸ்கிட்டில்ஸ், எம் அண்ட் எம்ஸ் உருண்டை. ஸ்னிக்கர்ஸில் முழு வேர்க்கடலை. மிஞ்சுவது கிட் கேட் போன்ற மொறுமொறு துண்டும் மெல்லிய சாதா சாக்லேட்டும். அதையும் நகம் அளவுக்கு உடைத்து, உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். நடந்துகொண்டோ ஸ்ட்ரோலரில் சாய்ந்துகொண்டோ எதுவும் வாயில் போகக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே சர்க்கரை சேர்த்ததே வேண்டாம் என்கிறார்கள், மிட்டாய் என்றால் என்னவென்று அறியாத பிள்ளைக்கு உறையின் சரசரப்பே போதும்.

அப்படியும் அடைத்துவிட்டால்: சத்தமாக இருமினால் இருமவிடுங்கள், விரலை விட்டுத் துழாவாதீர்கள். சத்தம் வரவில்லை, அழ முடியவில்லை என்றால் ஒருவர் 911 அழைக்க, மற்றவர் குழந்தையை முன்னால் சாய்த்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையால் 5 அடி, பிறகு தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி, மேல்நோக்கி 5 அழுத்தம், வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. இது ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஊர் நூலகத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ முதலுதவி வகுப்பு நடந்தால் போய்க் கையால் செய்து பார்த்துவிடுங்கள், படித்துத் தெரிந்துகொள்வது அந்த நேரத்தில் கைகொடுக்காது.

ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சின்னப் பொட்டலங்கள் தொல்லை. தனித்தனி உறையில் பல சமயம் சேர்மானப் பட்டியலே இருக்காது, பெரிய பையில்தான் இருக்கும். அதே மிட்டாயின் சின்ன அளவு வேறு ஆலையில், வேறு சேர்மானத்தில் தயாராவதும் உண்டு. தெரியாததைக் கொடுக்காதீர்கள். புதுக் கொட்டையை முதல்முறை ருசி பார்க்க வைக்கும் இரவும் இதுவல்ல. பச்சையும் நீலமும் கலந்த 'டீல்' நிறப் பூசணி வைத்திருக்கும் வீட்டில் தின்பண்டம் அல்லாத சாமான் கிடைக்கும். 2012இல் கிழக்கு டென்னசியின் உணவு ஒவ்வாமைக் குழு ஒன்று தொடங்கிய வழக்கம், 2014 முதல் 'ஃபேர்' என்ற அமைப்பின் வழியாக நாடு முழுக்கப் பரவியது. நல்ல எண்ணம்தான். ஆனால் கொடுப்பது துள்ளும் பந்து, மோதிரம், குட்டி அழிப்பான் என்று இருக்கும். மூன்று வயதுக்குள் அவையும் தொண்டைக்கு ஆபத்து. டாய்லெட் பேப்பர் உருளைக்குள் போகும் எதுவும் வேண்டாம் என்பது சுலபமான அளவுகோல்.

சைவ வீடுகளுக்கு, விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் என்கிற தனிக் கணக்கு. அமெரிக்க ஸ்டார்பர்ஸ்டில் உண்டு, கேண்டி கார்னில் உண்டு, ஹாரிபோ கரடிகளில் உண்டு. ரைஸ் கிரிஸ்பீஸ் ட்ரீட்ஸ் வெறும் அரிசிப்பொரி என்று நினைத்துக் கொடுப்பவர்கள் அதிகம், அதை ஒட்டியிருப்பது ஜெலட்டின் சேர்ந்த மார்ஷ்மெல்லோ. ஸ்கிட்டில்ஸில் இல்லை.

பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு இதெல்லாம் ஒப்பாது. "வீடு வீடாப் போய்க் கை நீட்டறதா? அதுக்கு வேஷம் வேறயா?" என்று பாட்டி கேட்பார். சாவின் (Samhain) என்ற பழைய கெல்டிக் பண்டிகை, அயர்லாந்து என்று சரித்திரம் சொன்னால் எடுபடாது. நவராத்திரியைச் சொல்லுங்கள். கிருஷ்ணர் வேஷம், ஆண்டாள் கொண்டை போட்டுக்கொண்டு, தெருவில் ஒவ்வொரு கொலுவாகப் போய், ஒரு பாட்டு பாடி, சுண்டல் பொட்டலம் வாங்கி வந்ததற்குப் பெயர் கை நீட்டலா? வாசலில் முகம் செதுக்கிய பூசணியைப் பார்த்தால் அவர்களே 'திருஷ்டிக்கா?' என்று கேட்டுவிடுவார்கள்.

அவர்களை வீட்டிலேயே நிறுத்தி மிட்டாய் கொடுக்கும் வேலையை ஒப்படைப்பதுதான் சிறந்த ஏற்பாடு. ஆளில்லாமல் 'ஒன்று எடுத்துக்கொள்ளவும்' என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனால் முதலில் வரும் பெரிய பையன்கள் கூட்டத்தோடு காலி. எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும், பக்கத்து வீட்டில் கேளுங்கள். 150 எண்ணிக்கைப் பை ஒன்று வாங்கினால் பெரும்பாலும் தாங்கும். தாத்தாவிடம் ஒன்றே ஒன்று சொல்லிவையுங்கள்: தலைக்கு ஒன்று, வளர்ந்த பிள்ளைகள் வந்தாலும் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும். பாட்டி சுட்ட முறுக்கு எவ்வளவு ருசியானாலும் வேண்டாம். வீட்டில் செய்தது, உறையில்லாதது எதையும் இங்கே பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள், நேராகக் குப்பைக்குப் போகும். 2024இல் போலத் தீபாவளியும் அதே நாளில் வந்தால், கம்பி மத்தாப்பு வேஷத்தைக் கழற்றிய பிறகுதான். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பூசணிக்குள்ளும் மெழுகுவத்தி ஏற்றாமல் பேட்டரி விளக்கு வையுங்கள், பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும்.

அழுகை வரும் முன் நிறுத்துவது ஒரு கலை. கண்ணைக் கசக்குவது, வேஷத்தின் கழுத்தை இழுப்பது, 'தூக்கு' என்பது: இந்த மூன்றில் இரண்டு வந்துவிட்டால் எட்டாவது வீட்டை மறந்துவிடுங்கள். மூன்று வீட்டில் முடிந்தாலும் முழு ஹாலோவீன்தான், குழந்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கொட்டி நிறம் நிறமாகப் பிரிக்க விடுங்கள், பல பிள்ளைகளுக்குத் தின்பதைவிட அடுக்குவது பிடிக்கும். இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, குழந்தை குளித்துவிட்டு வரும்போது மிச்சம் கண்ணில் படாமல் போய்விட வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் சாக்லேட்டை உயரத்தில் வையுங்கள், நாய்க்கு அது விஷம். தினமும் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அடுத்து வரும் ஞாயிறு கடிகாரம் மாறும்போது எப்படியும் ஒரு வாரத் தூக்கம் கெடத்தான் போகிறது.

வேஷத்தை அன்றிரவே துவைத்துவிடாதீர்கள். நவம்பர் 1 காலை எழுந்ததும் கரடி எங்கே என்றுதான் முதல் கேள்வி வரும். பையையும் மாட்டிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைத் தட்டும். உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருக்கும் அப்பா கதவைத் திறந்து, சோப்பு டப்பாவோ சீப்போ, கையில் கிடைத்ததைப் பையில் போட்டுவிட்டால் டாட்டா சொல்லித் திரும்பிவிடும். திறக்கவில்லையென்றால் அடுத்தது பக்கத்து வீடு.